மிதந்த பை

முதல் அநியாயம் நான் முதன்முதலாக ஏறிய கப்பலில் நடந்தது. கரி அள்ளிப் போடுகிறவர்களுக்கு நங்கூரச் சங்கிலி விழுகிற அறையை ஒட்டிப் படுக்கை கொடுத்தார்கள்; நங்கூரம் இறங்கும்போதெல்லாம் மண்டைக்குள் இரும்பு ஓடியது. இரண்டாவது அதே கப்பலில், செங்கடலில், உலைச் சூட்டில் செத்துப்போன ஒருவனைச் சாக்கில் கட்டி, காலடியில் இரும்புக்குப் பதிலாகக் கரித்துண்டுகளைப் போட்டு இறக்கினார்கள். சாக்கு கிழிந்து கரி கொட்டி, அவன் மேலே வந்து, வெகுநேரம் கப்பலுக்குப் பின்னால் எங்களைத் தொடர்ந்து வருகிறவனைப் போல மிதந்தான். மூன்றாவது, தூத்துக்குடியில் நாங்கள் வைத்த சங்கத்தைப் பதிவு செய்ய மறுத்துவிட்டு, பதிவு செய்யாத சங்கம் நடத்தினேன் என்று என்னை உள்ளே போட்டார்கள். நான்காவது, வெளியே வந்தபோது எனக்கு எந்தக் கப்பலிலும் இடம் இல்லை என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்தவர் வெள்ளைக்காரர் அல்ல, நம்முடைய ஆள்தான், அசனா லெப்பை சாரங்கு. கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, கப்பலில் அவர்களை மேய்த்து, தலைக்கு இவ்வளவு என்று கைக்கூலி வாங்கியவர். ஐந்தாவது, யுத்தம் வந்து ஆள் கிடைக்காமல் போனதும் அதே சாரங்கு என்னைத் தேடி வந்து, கைக்கூலி கூடக் கேட்காமல், "வாரும் ஓய், உலைக்கு ஆள் வேணும், பேச்சை அங்க வந்து பேசும்" என்று எல்டர்மியர் கப்பலில் ஏற்றிவிட்டது. இதையும் அநியாயத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நான் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். ஆறாவது, அந்த எல்டர்மியரில் செத்த ஒருவனுக்குக் காலில் கட்ட இரும்பு தரமாட்டேன் என்று இஞ்சினியர் ஹால்ஸ்டெட் துரை சொன்னது. ஏழாவது இப்போது நடந்துகொண்டிருக்கிறது, சென்னைத் துறைமுக ஆபீஸ் மாடியில், முதுகுச் சாய்ப்பு இல்லாத இந்தப் பெஞ்சில். அதே சாரங்கைத் துரோகி என்ற பேச்சிலிருந்து காப்பாற்ற ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் தெரிந்தவன் கப்பலில் மிஞ்சியவர்களில் நான் ஒருவன்தான். அது எனக்கு வரமாட்டேன் என்கிறது.

வரிசைப்படி சொன்னால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நோட்டீஸ் எழுதிய காலத்தில் நம்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு, கடைசியில் 'ஆகவே தோழர்களே' என்று முடித்தால் படிக்கிறவன் எழுந்து நின்றுவிடுவான் என்று நினைப்பு. இப்போது வரிசை இருக்கிறது, ஆகவே மட்டும் வரவில்லை. முழங்கால் வலிக்கிறது. ஜெர்மன்காரன் முகாமில் பனியில் நின்று வாங்கிக்கொண்டு வந்த வலி, யுத்தம் முடிந்தும் அது முடியவில்லை. உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, வெளியே எங்களுக்குக் காற்று இல்லை, கோந்துப்பசை நாற்றம்தான். அந்தோணிமுத்து. அது இல்லை. அது கப்பலில் அவனுக்கு இருந்த பெயர், ஓடிப்போன வேறு ஒருவனுடைய பெயர். அந்தோணிமுத்து என்கிற கொழும்புக்காரன், கப்பல் டர்பன் துறைமுகத்தில் கரி ஏற்ற நின்றபோது, இறங்கிப் போனவன் திரும்பி வரவேயில்லை. ஆள் குறைந்தால் கப்டனிடம் சாரங்கு பதில் சொல்லவேண்டும். சாரங்கு கரைக்குப் போய், கரி சுமந்துகொண்டிருந்த ஒரு தமிழனைக் கூட்டிவந்து, ஓடிப்போனவன் பெயரிலேயே, அவன் சீட்டிலேயே, அவன் படுக்கையிலேயே போட்டுவிட்டார். எல்லாக் கப்பலிலும் நடக்கிறதுதான். துரைமார்களுக்கும் தெரியும், எண்ணிக்கை சரியாக இருந்தால் முகம் பார்க்கமாட்டார்கள். அப்படி வந்தவன்தான் செத்தான். அவனுடைய நிஜப் பெயர் எனக்குச் சொல்லப்பட்டது. என் காதில் விழுந்தது, என் வாயாலும் ஒருமுறை வெளியே வந்தது. பொன்னுச்சாமி, இல்லை. சின்னப்பன், இல்லை. ஏதோ ஒரு சாமியின் பெயர், எங்கள் பக்கம் கேள்விப்படாத சாமி. அதுவரைக்கும் போகிறது, அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கிறது.

பெஞ்சின் அந்த முனையில் சாரங்கு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நிலக்கடலை உரித்துக்கொண்டு. நாங்கள் பேசிக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. முகாமில் ஒரே கொட்டகையில் படுத்திருந்தபோதும் பேசவில்லை. தாடி முழுக்க நரைத்துவிட்டது, தொப்பி பெரிதாகிவிட்டதுபோல் இருக்கிறது, தலை சிறுத்துவிட்டது. நானாகப் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர்தான் தொடங்கினார். "என்ன லீடரு, முகம் ஐசுல வச்ச மீனு மாதிரி கெடக்கு? புடிச்சு வச்சிருக்கது என்னையா, ஒம்மையா?" நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன். "பேசமாட்டீரு. பேசாம இருந்தா நான் செத்துப்போவேன்னு பாக்கீரு. அதுக்குத்தான் இவனுவ இருக்கானுவள்ளா." கான்ஸ்டபிள் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு கேட்டுவிட்டேன், மானத்தை விட்டு. "அந்த டர்பன்காரன் பேரு என்ன?" அவருக்குக் கேட்கவில்லை. சரக்குத் தூக்குகிற வின்ச்சு இரைச்சலில் போன காது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன். "மெதுவாப் பேசுங்கய்யா, உள்ள விசாரணை நடக்குது" என்றான் கான்ஸ்டபிள். "மெதுவாப் பேசினா இவருக்குக் கேக்காது. உள்ள இருக்கவங்களுக்குக் கேட்டாலும் புரியாது. நீர் கடலையத் தின்னும்" என்றேன். சாரங்கு என் வாயையே பார்த்தார். "நிசப் பேரா? அதை எங்கிட்டயா கேக்கீரு? நான் யாரு பேரைக் கேட்டேன், ஆளு நிக்கானா, கை காலு இருக்கான்னு பாப்பேன். அன்னைக்குக் கடல்ல எறக்கும்போது நீருல்லா பேரைச் சொன்னீரு." "உமக்குக் கேட்டுச்சா?" "எங்க கேட்டுச்சு. ஒம்ம வாயத்தான் பாத்தேன்." "வாய் எப்படி அசைஞ்சுது?" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒம்ம வாயி எப்பமும் அசைஞ்சுக்கிட்டுத்தான கெடக்கும்! அதுல எது பேரு, எது நோட்டீசுன்னு நான் எப்படிக் கண்டேன்?"

அவரை உள்ளே ஏற்கெனவே கேட்டாயிற்று. சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "கப்டன் பையில இருந்த ஈயத்தை நாந்தான் எடுத்தேன்னு சொன்னேன். எதுக்குன்னான். மய்யித்துக்கு, செத்த ஒடம்புக்குன்னேன். எந்த மய்யித்துன்னான். அந்தோணிமுத்துன்னேன். அந்தோணிமுத்து கொழும்புல பீடிக்கடை வச்சிருக்கானாம், ஆள் அனுப்பிப் பாத்துட்டானுவ. செத்தவன் உக்காந்து பீடி விக்கான் லீடரு, நான் என்னத்தச் சொல்ல?" பிறகு குரல் இறங்கியது. "தூக்கா, ஆயுளான்னு கேட்டா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், இன்னும் எத்தன நாளு கெடக்கப்போறேன். துரோகின்னு எழுதிருவானுவ ஓய். காயல்பட்டணத்துல எம் மக வீட்டு வாசல்ல போலீசு நிக்கான். பெட்டியைக் கொடைஞ்சு ஒம்ம நோட்டீச வேற எடுத்துட்டானுவ." எந்த நோட்டீஸ் என்றேன். "என்னைய அட்டைப்பூச்சின்னு போட்டீரே, அது. படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருந்தீரு. எம் பேரு அச்சுல வந்தது அது ஒண்ணுதான், பத்திரமா வச்சிருந்தேன். இப்பம் அது சர்க்காருக்கு விரோதமான காயிதமாம்." பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். ஒருவனை ஒழிக்க எழுதியதை அவன் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தால் எழுதியவன் எங்கே போய் நிற்பது. ராத்திரி பகலாக யோசித்து எழுதிய வார்த்தை, அட்டைப்பூச்சி. நினைவு வரவேண்டியது வராமல் இதெல்லாம் வருகிறது. எனக்குள்ளேயே எவனோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு தரமாட்டேன் என்கிறானோ. எனக்குக் கப்பல் இல்லாமல் செய்த அந்த நான்காவது அநியாயத்துக்கு இது சரியாகப் போயிற்று என்கிறானோ. அவன் முகத்தைப் பார்த்தால் என் முகம் மாதிரிதான் இருக்கிறது. களைப்பாக இருக்கிறது. பகையைக்கூட இந்த வயதில் சுமந்துகொண்டு மாடி ஏற முடியவில்லை.

பை. பச்சைக் கித்தான் பை, வாயில் பித்தளை வளையங்கள். டர்பனை விட்ட பிறகு கப்டன் சாரங்கைக் கூப்பிட்டு, அடியில் ஒரு உறை வைத்துத் தைத்து ஈயக்கட்டிகளைப் போடச் சொன்னாராம். கித்தான் தைப்பது சாரங்கு வேலை. எதற்கு ஈயம் என்று கேட்டதற்கு, உனக்கு வேண்டாத கேள்வி என்று பதில். இவர் என்ன நினைத்தார் என்றால், கப்பல் ஆடும்போது பை உருண்டு போகாமல் இருக்க. ஆடுகிற கப்பலில் எதையும் கட்டியும் கனம் வைத்தும் நிறுத்துகிறவர் வேறு எதை நினைப்பார். எதிரி வந்தால் கடலில் எறிய வேண்டிய ரகசியக் காகிதங்கள் அதற்குள் இருக்கின்றன, அது கல்லாக மூழ்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அந்த ஈயத்தைத் தொட்டிருப்பாரா. ரகசியம் என்று மூடினார்கள். மூடியது யாரிடமிருந்து? அந்தப் பையைத் தினம் தூக்கித் துடைத்து வைத்த கிழவனிடமிருந்து. உள்ளே போய் இதைச் சொல்லவேண்டும். சொல்லலாம், நன்றாகவே சொல்வேன், மேசையைத் தட்டிச் சொல்வேன். செத்தவன் யார் என்று அவர்கள் கேட்பார்கள், அங்கே எல்லாப் பேச்சும் நின்றுபோகும். செத்தவன் இல்லாமல் மய்யித்து இல்லை, மய்யித்து இல்லாமல் ஈயம் எதிரிக்காக எடுத்தது ஆகிவிடும். கப்பலின் ஆள் கணக்குப்படி அந்தப் பிரயாணத்தில் எதிரியின் குண்டுக்கு முன்னால் யாருமே சாகவில்லை. தினசரி எழுதுகிற புத்தகம் கப்பலோடு போய்விட்டது. ஹால்ஸ்டெட் துரைக்கு மட்டும் தெரியும், ஆனால் அவர் சொன்னால் இரும்பு மறுத்ததும் வெளியே வரும். இரும்பு கேட்டு நாங்கள் போய் நின்றது அவர் முன்னால்தான். உலையில் போடுகிற கம்பியில் இரண்டு கொடுங்கள் என்று சாரங்கு கேட்டார். கம்பி குறைவாக இருக்கிறது, கரியைப் போட்டு இறக்குங்கள் என்றார். சாரங்கு அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். செங்கடலில் மிதந்து வந்தவனை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம், அந்தக் கப்பலிலும் சாரங்கு இவர்தான். அதற்குப் பிறகு அவர் மேலே போனார். வரும்போது சட்டைக்குள் ஈயம் இருந்தது. "நாளைக்குக் கப்டன் அறையக் கழுவப் போகையில வேற எதையாவது வச்சுத் தச்சிருவேன்" என்றார். அந்த நாளை விடிந்ததும் எதிரிதான் முதலில் வந்தான்.

ஜெர்மன்காரன், வியாபாரக் கப்பல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். கிட்டத்தில் வந்து கொடியை மாற்றி, முதல் குண்டிலேயே மேல்தட்டைச் சிதறடித்தான். உலை அறையில் என் கூட்டாளிகள் போனது அடுத்த குண்டில்; அதற்குச் சற்று முன்னால்தான் சாம்பல் கொட்ட நான் மேலே வந்திருந்தேன். ஆகையால் நான் பார்த்தேன். கப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தள்ளினார். தள்ளிவிட்டு அது போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. பை போகவில்லை. பச்சையாக, ஊதிக்கொண்டு, கப்பல் ஓரமாகவே ஆடிக்கொண்டு நின்றது. அவர்களுடைய படகு வந்து, ஒருவன் கொக்கியால் சாவகாசமாக இழுத்து எடுத்துக்கொண்டான். கிழக்கே எத்தனை பீரங்கி இல்லை, எத்தனை கப்பல் இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். அது ஜப்பான்காரன் கைக்குப் போயிற்றாம். பிறகு நடந்த நாசமெல்லாம் அந்தப் பையில் இருந்துதான் வந்ததாம். இருக்கலாம். காவல் இல்லை என்று காகிதத்தில் எழுதி வைத்தவன் குற்றவாளி இல்லை, காவல் போடாதவன் குற்றவாளி இல்லை, ஒரு பிணத்தின் காலில் ஈயம் வைத்தவன் குற்றவாளி. நல்ல வாக்கியம். பழைய நாளாக இருந்தால் அச்சுக்குக் கொடுத்திருப்பேன். இப்போது வாக்கியம் வேண்டாம், பெயர் வேண்டும்.

அவன் எப்படி இருப்பான் என்று கேட்டால் சொல்வேன். இடது காது மடலில் வெட்டு. வயது என்னை ஒட்டியே இருக்கும். உலைக்குப் பழக்கமில்லாதவன், கரையில் கூடை சுமந்தவன். தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெறும் வாளியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நேட்டாலில் பிறந்தவன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் போன தகப்பனுக்குப் பிறந்து, அந்த ஊரைத் தவிர ஒன்றும் பார்க்காதவன், ஆனால் அவன் பேசிய தமிழ் வட ஆற்காட்டிலிருந்து எப்போதோ கப்பல் ஏறிப்போனபடியே இருந்தது. கப்பல் பினாங்கு போய்த் திரும்பும்போது சென்னையில் இறங்கி நைனாவின் ஊரைப் பார்க்கவேண்டும் என்பான். நைனா பொன்னுரங்கம். அது இருக்கிறது பார், தகப்பன் பெயர் இருக்கிறது, ஊர் செங்கம் பக்கம் என்பதும் இருக்கிறது, டர்பனில் அக்காள் ஒருத்தி மீன் விற்கிறாள் என்பதும் இருக்கிறது, இவன் பெயர் மட்டும் இல்லை, அது இல்லாமல் அவளை யாருடைய அக்காள் என்று தேடுவது. சங்கத்தில் சேர்க்கிறேன் என்று நான்தான் கேட்டேன், உன் நிஜப் பெயர் என்ன என்று. "அந்தோணிமுத்துன்னே எழுதிக்கயேண்ணா." அது ஓடிப்போனவன் பெயர் என்றேன். "ஓடிப்போனவன் கரிய நான் அள்ளலாம், பேர வச்சுக்கக் கூடாதா?" என்று பல்லைக் காட்டினான். பிறகு சொன்னான். சொல்லிவிட்டு, அது மலையடிவாரத்தில் இருக்கிற சாமி பெயர் என்று, எதையோ சொல்லிக்கொண்டே போனான். கரித்துண்டால் இரும்புச் சுவரில் படம் போட்டான், வில் பிடித்த ஆள் ஒருவன், பக்கத்தில் நாய். மரத்தடியில் கல்லாக நிற்கிறவர், பன்றி வேட்டைக்குப் போனவர், நைனா கப்பல் ஏறும்போது அவரை வேண்டிக்கொண்டுதான் ஏறினார் என்றான். நான் காதை மூடிக்கொண்டேன். சாமி கதை என்றால் எனக்குக் காது தானாக மூடிக்கொள்ளும், அது நான் பழக்கி வைத்த காது. அவன் சொன்னது ஒன்றும் இல்லை என்னிடம். நான் சொன்னது இருக்கிறது, ஒரு எழுத்து குறையாமல். என் பேச்சுகளை நான் மறப்பதே இல்லை, மற்றவர்கள் பேச்சுத்தான் தங்குவதில்லை. அன்றைக்கு என்ன சொன்னேன்? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மற்றவர்களும் கேட்கட்டும் என்று, இரைச்சலுக்கு மேலே கத்தினேன்: டிக்கெட் எடுக்காம ஏறினவராப்பா உங்க சாமி, நேட்டால்ல உங்க நைனா முதுகுல சவுக்கு விழுந்தப்போ இறங்கி எங்க போனாரு? எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, படத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டுக் கரி அள்ளப் போனான்.

உங்க சாமி என்றா சொன்னேன். இல்லை. அப்படிச் சொன்னால் சிரிப்பு வராது. கூட்டத்தில் பேசிப் பழகியவனுக்குத் தெரியும், கேலி செய்ய வேண்டுமானால் பெயர் சொல்லித்தான் செய்யவேண்டும். நான் பெயர் சொல்லித்தான் செய்தேன். அந்த வாக்கியத்தில் அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது, முழுசாக, இழுத்து, ராகம் போட்டு. வாக்கியத்தை மறுபடி மனதுக்குள் கத்திப் பார்த்தேன். உலை இரைந்தது, மண்வெட்டிக் காம்பு உள்ளங்கையில் சுட்டது, வாய் தானாகத் திறந்தது. இருந்தது. அங்கேயேதான் இருந்தது, என் கேலிக்குள்ளே, யாரும் தொடாமல். அவனைக் கித்தானில் வைத்துத் தைத்து இறக்கின சாயங்காலம் சாரங்கு என்னைப் பார்த்து, "இவனுக்கு உள்ள பேரைச் சொல்லும் ஓய், யாரோ பேருல போகவேண்டாம்" என்றபோது நான் சொன்னதும் இதைத்தான். நேராகக் கீழே போனான், ஒரு குமிழி கூட மேலே வரவில்லை. சாரங்கு கையை உதறிக்கொண்டார்.

கதவு திறந்தது. "கயித்தான் மச்சாது" என்று சேவகன் கூப்பிட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் ஹால்ஸ்டெட், ஒரு சட்டைக் கை காலியாகத் தொங்குகிறது. அவரும் எதையோ கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், இருக்கட்டும். மொழிபெயர்க்கிற ஐயர், சாட்சிக்கு இரண்டு குமாஸ்தாக்கள். "என்ன தெரியுமோ அதை நீரே தமிழில் எழுதி, இவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கணும், அப்பத்தான் செல்லும்" என்றார் ஐயர். எழுதினேன். நோட்டீஸ் மாதிரி எழுதவில்லை. ஆகவே போடவில்லை, தோழர்களே போடவில்லை. எழுதி முடித்துக் காகிதத்தைத் தூக்கியபோது ஹால்ஸ்டெட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவைச் சாத்தலாமா?" என்றான் சேவகன். "சாத்தாதே. வெளியே காது கேட்காத ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்" என்றேன். மேசையில் இருந்தவர் முணுமுணுத்தார், ஐயர் என்னவோ சொல்லிச் சமாளித்தார். நான் கதவுப் பக்கம் திரும்பி நின்று, உலை அறையில் கத்துகிற குரலில் படித்தேன். பையிலிருந்து எடுத்த ஈயம் எதிரிக்காக எடுத்தது அல்ல. எல்டர்மியர் கப்பலில் அந்தோணிமுத்து என்ற பெயரில் கரி அள்ளி, சூட்டில் விழுந்து இறந்த ஒருவனுடைய காலடியில் அதை வைத்துத் தைத்தோம். தைத்தவர் சாரங்கு, பிடித்தவன் நான். அவன் நேட்டாலில் பிறந்தவன், டர்பன் துறைமுகத்தில் கரி சுமந்தவன், அங்கே மீன் விற்கிற அவன் அக்காளிடம் தந்தி அடித்துக் கேட்கலாம். அவனுடைய பெயர் வேடியப்பன். செங்கம் பொன்னுரங்கம் மகன் வேடியப்பன்.